மாடல் டாங்கிக்கு வெதரிங் செய்ய அந்தப் படைப்பிரிவின் வரலாறு தெரிய வேண்டுமா?

1/35 அளவில் ஷெர்மன் ஃபயர்ஃப்ளை டாங்கி செய்கிறேன், பிரிட்டிஷ் 11ஆவது கவச டிவிஷன், நார்மண்டி 1944, வெதரிங்குக்கு, அதாவது ஓடித் தேய்ந்து அழுக்கான தோற்றத்துக்கு, எவ்வளவு துரு, எவ்வளவு சேறு போடலாம், இதற்காக ரெஜிமென்ட் வரலாறெல்லாம் படிக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் படியுங்கள். ஆனால் முழு வரலாறும் வேண்டாம், உங்களுக்கு வேண்டியது ஒரு தேதி. "நார்மண்டி 1944" என்பதைத் தேதியாக எடுத்துக்கொள்ள முடியாது. ஜூன் நடுவில் கரையிறங்கிய வண்டியும் ஆகஸ்ட் கடைசியில் செய்ன் நதியைக் கடந்த வண்டியும் ஒரே மாதிரி அழுக்காகியிருக்காது.

நான் செய்ததையே சொல்கிறேன். அதே டிவிஷனில் 3ஆவது ராயல் டேங்க் ரெஜிமென்ட் வண்டி, ஜூலை 18 காலை, அதாவது பிரிட்டிஷ் டாங்கிப் படையின் பெரும் தாக்குதலான ஆபரேஷன் குட்வுட் தொடங்கிய நாள் என்று முடிவு செய்திருந்தேன். கையில் இருந்த ஒரு படத்தில் சக்கரமெல்லாம் சேறு அப்பியிருந்தது, நானும் பிளாஸ்டரையும் பிக்மென்ட் என்னும் வண்ணப் பொடியையும் குழைத்துத் தாராளமாக அப்பிவிட்டேன். அப்புறம் நாள்வாரியாக உட்கார்ந்து படித்தால், 18ஆம் தேதி நல்ல வெயில். நார்மண்டியின் கான் நகருக்குக் கிழக்கே விளைந்து நின்ற தானிய வயல்கள் வழியாக நூற்றுக்கணக்கான டாங்கிகள் போகின்றன, அதற்கு முன்னால் கனரக விமானங்கள் குண்டு போட்டுக் கிளப்பிய புழுதி வேறு. பெருமழை வந்தது 20ஆம் தேதிதான், அந்தச் சேற்றோடு தாக்குதலும் நின்றுபோனது. நான் பார்த்த படம் மழைக்குப் பிந்தையது. வித்தியாசம் இரண்டே நாள், ஆனால் என் வண்டியின் கீழ்ப்பாதி முழுக்கத் தப்பு. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன், அதில் எனக்கு வருத்தமே இல்லை.

18ஆம் தேதிக்கு வேண்டியது மெல்லிய, வெளுத்த புழுதி. டிராக்குக்கு (சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டை) மேலே பின்பக்கம் அடர்த்தியாக, முன்பக்கம் குறைவாக, ஆட்கள் ஏறி இறங்கும் இடங்களில் தேய்ந்து அடியில் இருக்கும் பச்சை தெரியும்படி. டிராக் இடுக்கில் கொஞ்சம் கதிர்த்தாள் சிக்கியிருக்கலாம். ஒரே நாளில்கூட எல்லா வண்டியும் ஒன்றில்லை: 3ஆவது ராயல் டேங்க் ரெஜிமென்ட்தான் முன்னால் போனது, அதே டிவிஷனின் இன்னொரு ரெஜிமென்ட்டான 23ஆவது ஹுஸார்ஸ் அதற்குப் பின்னால் வந்தது, பின்னால் வருபவன்தானே முன்னால் போகிறவனின் புழுதியையும் சேர்த்து வாங்குவான்.

அதே வண்டியை 20ஆம் தேதி மாலைக்கு என்று செய்தால், முதலில் இந்தப் புழுதியைப் போட்டு, அதை மழை கழுவியது போல ஈரத் தூரிகையால் செங்குத்துப் பக்கங்களில் கீழே இழுத்து, அதற்கப்புறம்தான் சக்கரத்தில் பளபளப்பான ஈரச் சேறு வைக்க வேண்டும். டரெட்டின் (பீரங்கி இருக்கும் சுழலும் மேல்பகுதி) பின்பக்கம் துருத்திக்கொண்டிருக்கிறதல்லவா, அதன் அடிப்பக்கத்தில் மழை படாது, அங்கே உலர்ந்த புழுதியை அப்படியே விட்டுவிடுங்கள். இந்த ஒரு சின்ன இடம் முந்தின இரண்டு நாளையும் காட்டிவிடும்.

எங்கே தேடுவது என்றால், முதலில் ரெஜிமென்ட்டின் வார் டைரி. பிரிட்டிஷ் படைப்பிரிவுகள் எல்லாமே மாதாமாதம் இதை எழுதியாக வேண்டும்: இடம், தேதி, நேரம், நடந்த சம்பவம் என்று பத்தி பிரித்த படிவம். வடமேற்கு ஐரோப்பா 1944க்கானவை லண்டன் கியூவில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூஓ 171 என்ற வரிசையில் இருக்கின்றன. போரைப் பற்றிய பக்கங்களை விட, "பராமரிப்பு" என்று ஒரே வரியில் முடியும் நாட்கள்தான் நமக்கு முக்கியம், ஏனென்றால் வண்டியைக் கழுவி, டிராக் மாற்றி, எண்ணெய் போட்டிருந்தால் அது அப்படிப்பட்ட நாளில்தான். புதிய டாங்கிகள் எப்போது வந்தன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். குட்வுட்டின் முதல் நாளில் மட்டும் இந்த டிவிஷன் நூற்றுக்கும் மேற்பட்ட டாங்கிகளை இழந்தது. அதனால் ஜூலை கடைசியில் அதே ரெஜிமென்ட்டில் நிற்கும் வண்டி பத்து நாள் முன்பு வந்து சேர்ந்த மாற்று வண்டியாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

துரு விஷயத்துக்கும் இதுதான் பதில். சில வாரமே ஓடிய வண்டியில் பெயின்ட் கொப்பளித்துத் துரு வழிய வழியில்லை. டிராக், எக்ஸாஸ்ட், வெல்டு வைத்த இடம், அவ்வளவுதான். கொழுந்துவிட்டு எரிந்த வண்டி என்றால் வேறு கதை, பெயின்ட் போன இரும்பு சீக்கிரமே செம்பழுப்பாகிவிடும். டிராக்கில் வெள்ளி மினுக்கு போடுமுன் அது இரும்பு டிராக்கா ரப்பர் பட்டை வைத்ததா என்று பாருங்கள், ரப்பராக இருந்தால் தரையில் படும் முகம் மினுங்காது, ஓரத்தில் பற்சக்கரம் உரசும் இணைப்புகள் மட்டும் மினுங்கும்.

படங்களைப் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. கறுப்பு வெள்ளையில் உலர்ந்த புழுதி பெயின்ட்டை விட வெளிறித் தெரியும், ஈரச் சேறு பெயின்ட்டோடு கலந்து கண்ணுக்கே தெரியாமல் போகும். "சுத்தமான" வண்டி என்று முடிவு கட்டுமுன் அன்றைய வானிலையைப் பார்த்துவிடுங்கள்.

நிறைய சிப்பிங் (பெயின்ட் பெயர்ந்த தடங்கள்), தேய்மானம் எல்லாம் செய்து பார்க்க ஆசையாக இருந்தால், தேதியை டிசம்பருக்குத் தள்ளுங்கள். இந்த டிவிஷனின் 29ஆவது கவச பிரிகேட் அப்போது பழைய ஷெர்மன்களை ஒப்படைத்துவிட்டுக் காமெட் டாங்கிகளுக்கு மாறிக்கொண்டிருந்தது. 16ஆம் தேதி பெல்ஜியம் பக்கத்து ஆர்டென் காட்டுப் பகுதியில் ஜெர்மானியர் தாக்கியதும், அதே பழைய ஷெர்மன்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு மியூஸ் நதிப் பாலங்களைக் காக்கப் போனார்கள், 3ஆவது ராயல் டேங்க் ரெஜிமென்ட் தினான் ஊருக்கு. இனி வேண்டாம் என்று கைகழுவிய வண்டிகள் அவை. அங்கே தேய்மானத்தை எவ்வளவு போட்டாலும் நியாயம் இருக்கிறது, ஆனால் கிறிஸ்துமஸ் சமயத்தில் தரை உறைந்துவிட்டதால் சேற்றைக் காய்ந்து இறுகியதாக, பளபளப்பில்லாமல் வையுங்கள்.