பர்மிட் வரும் வரும்னு காத்திருக்கறவங்களுக்கு: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல சுரங்கக் கம்பெனி ஷேர் பத்தி ஒருத்தர் கேட்டதுக்கு ரெண்டே வரில பதில் சொல்லிட்டு அடுத்த கேள்விக்கு போயிட்டேன். அதுக்கப்புறம் வந்த லெட்டர் எல்லாத்தையும் படிச்சப்ப, அப்படி போயிருக்கக் கூடாதுன்னு புரிஞ்சுது. எல்லார் லெட்டர்லயும் ஒரே வலி: சுரங்கம் தோண்ட கவர்மென்ட் பர்மிட் வரல, போட்ட காசு கரையுது. அதனால இந்த தடவ பக்கம் முழுக்க இதுதான். கேட்டவங்க பேரு வேண்டாம்னாங்க, போடல.

கேள்வி: சார், ஒரு தங்கச் சுரங்கக் கம்பெனி ஷேர் ஒன்பது வருஷமா வச்சிருக்கேன். தங்கம் இருக்கறது உறுதியாயாச்சு, எவ்ளோ இருக்குன்னு ட்ரில் பண்ணி அளந்தும் சொல்லிட்டாங்க. கவர்மென்ட் பர்மிட் மட்டும் வரல. இலவு காத்த கிளி கணக்கா உக்காந்திருக்கேன். எல்லா கம்பெனியும் இப்படித்தானா, இல்ல நான் மட்டும்தான் மாட்டிக்கிட்டனா?

நீங்க மட்டும் இல்லைங்க. ஒரு இடத்துல கனிமம் இருக்குன்னு கண்டுபிடிச்சதுல இருந்து உற்பத்தி ஆரம்பிக்கிற வரைக்கும் உலக அளவுல சராசரியாவே 15 வருஷத்துக்கு மேல ஆகுது, அமெரிக்கா மாதிரி நாட்டுல இன்னும் ரொம்ப அதிகம். இந்த துறைல பியர் லசோண்ட்னு ஒருத்தர், ஃபிராங்கோ நெவாடா கம்பெனிய தொடங்குனவங்கள்ல ஒருத்தர், இந்த மாதிரி ஷேர் விலை எப்படி நடந்துக்கும்னு ஒரு கோடு வரைஞ்சு காட்டுனார். முதல் ட்ரில் ரிசல்ட் வந்ததும் விலை ஜிவ்வுன்னு ஏறும், எல்லாரும் வாங்குவாங்க. அப்புறம் ஆய்வு, அனுமதின்னு வருஷக்கணக்கா நல்ல செய்தியே இல்லாம விலை வழுக்கிக்கிட்டே போகும், கட்டுமானம் ஆரம்பிக்கறப்பதான் திரும்ப ஏற ஆரம்பிக்கும். நடுவுல உள்ள அந்தப் பள்ளத்துக்கு இந்தத் துறைல வச்ச பேரு "அனாதை காலம்". நீங்க உச்சில வாங்கி அந்தப் பள்ளத்துல நிக்கிறீங்க.

ஏன் இவ்ளோ நாள்னா, சுற்றுச்சூழல் அறிக்கைக்கு ஆத்து தண்ணி, நிலத்தடி தண்ணி, மீன், பறவைன்னு எல்லா பருவத்துலயும் அளந்து எழுதணும், அதுக்கே ஒரு வருஷம் ரெண்டு வருஷம். அத சமர்ப்பிச்சா ஒரு இலாகா நூறு கேள்வி அனுப்பும், பதில் போற வரைக்கும் கெடு நாள எண்ணுறத நிறுத்தி வச்சிடுவாங்க, பதில் போனதும் வேற இலாகா வேற கேள்வி கேக்கும், இப்படியே நாள் ஓடி முதல்ல எடுத்த அளவு பழசாயிடுச்சு புதுசா எடுங்கன்னு வரும். இதெல்லாம் தாண்டுறப்ப எலக்‌ஷன் வந்துடும். கிரீன்லாந்துல குவானெஃபெல்டுன்னு ஒரு அபூர்வ மண் (ரேர் எர்த்) கனிமத் திட்டம், ஆஸ்திரேலிய பங்குச் சந்தைல உள்ள ஒரு கம்பெனி 2007லேர்ந்து உழைச்சுக்கிட்டு இருந்தது. 2021 தேர்தல்ல அந்தத் திட்டத்த எதிர்த்த கட்சி ஜெயிச்சு அதே வருஷம் யுரேனியம் கலந்த சுரங்கத்துக்கே தடைச் சட்டம் கொண்டு வந்துட்டாங்க. 14 வருஷ வேல, சார். செர்பியால ரியோ டின்டோவோட ஜாடர் லித்தியம் திட்டத்த 2022 ஜனவரில ரத்து பண்ணி 2024 ஜூலைல திரும்ப உயிர் கொடுத்தாங்க. பெரிய கம்பெனிக்கே இந்த கதி.

கேள்வி: கம்பெனி கூட்டத்துல "லேட்டானா என்ன, கனிமம் பூமிக்குள்ளதான இருக்கு, எங்கயும் ஓடிப்போகாது"ன்னு சொல்றாங்க. நியாயமாத்தான் படுது. ஆனா என் ஷேர் மட்டும் ஏன் கரைஞ்சுக்கிட்டே இருக்கு?

இதுதான் எனக்கு வந்த கேள்விலயே முக்கியமான கேள்வி, கொஞ்சம் பொறுமையா படிங்க. கனிமம் ஓடிப்போகாது, உண்மைதான். உங்க பங்கு ஓடிப்போகும்.

பர்மிட்டுக்கு காத்திருக்கற கம்பெனிக்கு வருமானம்னு ஒண்ணு கிடையாது. ஆபீஸ் வாடகை, சம்பளம், வக்கீல் ஃபீஸ், தண்ணி பரிசோதனை, நிலத்துக்கு வருஷா வருஷம் கட்ட வேண்டிய தொகை எல்லாம் நிக்காம ஓடும். பேங்க்ல கடன் கிடைக்காது, ஏன்னா அனுமதி இல்லாத சுரங்கத்த அடமானமா எவனும் எடுக்க மாட்டான். அப்ப என்ன பண்ணுவாங்க, புதுசா ஷேர் அச்சடிச்சு விப்பாங்க. அதுவும் சந்தை விலைய விட கம்மில, கூடவே பின்னாடி இன்னும் ஷேர் வாங்கிக்கற உரிமையான வாரன்ட்டும் சேத்து, பெரிய ஆளுங்களுக்கு கொடுப்பாங்க. உங்களுக்கும் எனக்கும் அந்த விலை கிடைக்காது.

ஒரு கணக்கு பாருங்க. நீங்க வாங்குறப்ப மொத்தம் 20 கோடி ஷேர்னு வச்சுக்குங்க. காத்திருந்த வருஷத்துல அது 52 கோடி ஆயிடுச்சு. கம்பெனியோட மொத்த மதிப்பு ஒரு பைசா குறையலன்னே வைங்க, அப்பவும் அன்னைக்கு 100 இருந்த உங்க ஷேர் இன்னைக்கு 38தான். மீதி 62 எங்க போச்சு? காத்திருந்ததுக்கான செலவு. அத கட்டுனது கவர்மென்ட் இல்ல, டைரக்டரும் இல்ல, அவங்களுக்கு சம்பளம் மாசாமாசம் வந்துடுது. கட்டுனது நீங்க.

அதுக்கு மேல இன்னொண்ணு. சுரங்கத்தோட மதிப்ப கணக்கு போடறப்ப வருங்கால வருமானத்த வருஷத்துக்கு 8 சதவீதம் கழிச்சு இன்னைய மதிப்புக்கு கொண்டு வருவாங்கன்னா, வெறும் அஞ்சு வருஷ தாமதத்துல அந்த மதிப்பு மூணுல ஒரு பங்கு போயிடும், மண்ணுல ஒரு கிராம் குறையாமலே. நடுவுல இரும்பு, டீசல், கூலி ஏறி கட்டுமானச் செலவு மாறியிருக்கும், அது தனி. கூட்டத்துல அப்படி சொன்னவர்கிட்ட அடுத்த தடவ இத கேளுங்க.

கேள்வி: என் ஃபிரண்டுக்கு உள்ளுக்குள்ள ஆள் இருக்கு, பர்மிட் அடுத்த மாசம் கண்டிப்பா வருதாம். இறங்கின விலைல இன்னும் கொஞ்சம் வாங்கி ஆவரேஜ் பண்ணிடவா தம்பி?

வேண்டாம்ணே. நிஜமாவே உள்ள இருந்து வந்த செய்தின்னா அத வச்சு வாங்குறது பல நாட்டுல குற்றம், பொய்ச் செய்தின்னா நஷ்டம், ரெண்டுமே உங்களுக்கு வேண்டாம்.

அலாஸ்கால பெப்பிள்னு ஒரு பெரிய செம்பு, தங்கத் திட்டம். நார்தர்ன் டைனஸ்டிங்கற கம்பெனி 2001லேர்ந்து கைல வச்சிருக்கு. ஆங்கிலோ அமெரிக்கன்ங்கற பெரிய சுரங்கக் கம்பெனி கூட்டு சேந்து 50 கோடி டாலருக்கு மேல செலவு பண்ணிட்டு 2013ல எழுந்து போயிடுச்சு. 2017 கடைசில பர்மிட்டுக்கு விண்ணப்பிச்சாங்க, 2020 ஜூலைல இறுதி சுற்றுச்சூழல் அறிக்கை அவங்களுக்கு சாதகமா வந்துச்சு. அத பாத்து எத்தன பேரு இனி முடிஞ்சுதுன்னு நம்பி வாங்கியிருப்பாங்க. அதே வருஷம் நவம்பர் 25 அன்னைக்கு பர்மிட் மறுப்பு, ஒரே நாள்ல விலை பாதிக்கு பக்கமா சரிஞ்சுது. எழுத்துல வந்த சாதகமான அறிக்கைக்கே நாலு மாசத்துல இந்த நிலமைன்னா வாயால வந்த தகவல எப்படிண்ணே நம்பறது.

நான் ஒரு காரியம் பண்ணேன், நீங்களும் பண்ணி பாருங்க. நான் வச்சிருந்த ஒரு கம்பெனியோட ஏழு வருஷ அறிவிப்ப பிரிண்ட் எடுத்து தேதி வரிசைல தரைல அடுக்குனேன். பர்மிட் எப்ப வரும்னு சொல்ற வரிய மட்டும் பேனால கோடு போட்டேன். "இந்த ஆண்டு இறுதிக்குள்", "அடுத்த காலாண்டில்", "விரைவில்", "இறுதிக் கட்டத்தில்", திரும்பவும் "அடுத்த காலாண்டில்". நாலு தடவ அந்த வார்த்தை வந்த அடுத்த ரெண்டு மாசத்துக்குள்ள புது ஷேர் வெளியீடு வந்திருக்கு. அத பாத்த அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல. வேற வேற நாள்ல ஒவ்வொண்ணா படிச்சப்ப அது கண்ணுல படவே இல்ல.

கேள்வி: எல்லாத்துக்கும் காரணம் அந்த போராட்டக்காரங்கதான். நாலு பேரு கொடி புடிச்சா ஒரு நாட்டு கவர்மென்ட் ஃபைல கிடப்புல போட்டுடுது. எங்க காசுக்கு யாரு பதில் சொல்றது? நீங்களாவது இத எழுதுங்க.

உங்க கோவம் புரியுது, பாதிய நான் ஏத்துக்கறேன். அந்த மக்கள திட்டறத மட்டும் என்னால எழுத முடியாது. 2019 ஜனவரி 25, பிரேசில்ல புருமாடின்யோங்கற ஊர்ல இரும்புச் சுரங்கத்தோட கழிவுச் சேத்து அணை உடைஞ்சு 270 பேரு செத்தாங்க, சேறு வந்து மூடுனப்ப அதுல பல பேரு கேன்டீன்ல சாப்பாட்டு நேரத்துல இருந்த தொழிலாளிங்க. 2014ல கனடால மவுன்ட் பாலி அணை உடைஞ்சு ஏரிக்குள்ள சேறு போச்சு. இதெல்லாம் பர்மிட் வாங்குன சுரங்கம். கீழ குடியிருக்கறவன் நூறு கேள்வி கேக்கத்தான் செய்வான், நம்ம வீடு அங்க இருந்தா நாமளும் கேப்போம். நாம இழக்கறது காசு.

ஆனா நீங்க சொல்ற கிடப்பு இருக்கே, அங்க நான் உங்க பக்கம். கேள்வி கேட்டு வேணாம்னு முடிவு பண்றது ஒரு கவர்மென்டோட உரிமை. ஃபைல வாங்கி வச்சுக்கிட்டு வேணும்னும் சொல்லாம வேணாம்னும் சொல்லாம எலக்‌ஷன் வரைக்கும் இழுக்கறது அநியாயம். வேணாம்னு மூணாவது வருஷம் சொல்லியிருந்தா மிச்சம் இருந்தத எடுத்துக்கிட்டு நீங்க வெளிய வந்திருப்பீங்க, அந்த ஊர்க்காரங்களும் நிம்மதியா தூங்கியிருப்பாங்க. பத்து வருஷம் பதில் தெரியாம தவிக்கறது அவங்களும்தான், வீட்ட பழுது பாக்கலாமா நிலத்த விக்கலாமான்னு தெரியாம. நாம கேக்க வேண்டியது ஒரு தேதி. அந்த தேதிக்குள்ள பதில், எந்த பதிலா இருந்தாலும், காரணத்த எழுத்துல.

கேள்வி: சின்ன முதலீட்டாளருங்க எல்லாம் சேந்து கவர்மென்ட் மேல கேஸ் போட முடியாதா?

பொதுவா பங்குதாரரா தனியா நின்னு ஜெயிக்கறது ரொம்ப கஷ்டம், ஏன்னா விண்ணப்பிச்சது கம்பெனி, பாதிப்பும் சட்டப்படி கம்பெனிக்குத்தான். கம்பெனி சர்வதேச நடுவர் மன்றத்துக்கு போகலாம். அதோட ரெண்டு பக்கமும் சொல்றேன்.

பாகிஸ்தான்ல ரெக்கோ டிக் செம்பு, தங்கத் திட்டம், 2011ல உரிமம் மறுத்தாங்க. பின்னாடி பேரிக், ஆன்டோஃபகஸ்டான்னு ரெண்டு பெரிய சுரங்கக் கம்பெனி இருந்ததால கேஸ் நடத்த தெம்பு இருந்துச்சு, 2019ல பாகிஸ்தான் 580 கோடி டாலருக்கு மேல கட்டணும்னு தீர்ப்பு, 2022ல சமரசம். ருமேனியால ரோஷியா மொன்டானா தங்கத் திட்டம், கேப்ரியல் ரிசோர்சஸ்னு கனடா பங்குச் சந்தைல உள்ள கம்பெனி, அந்தத் திட்டத்துல ருமேனிய அரசே ஒரு பங்காளி. 2006ல சுற்றுச்சூழல் அறிக்கை கொடுத்தாங்க, 2007ல கவர்மென்ட் பரிசீலனைய நிறுத்திடுச்சு, அப்புறம் திரும்ப எடுத்தாங்க, 2013ல தெருவெல்லாம் ஜனம் திரண்டு பார்லிமென்ட்ல அந்தத் திட்டத்துக்கு வழி விடற மசோதா விழுந்துச்சு. 2015ல கேஸ், 2021ல அந்த இடம் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் ஆச்சு, 2024 மார்ச்ல கம்பெனி தோத்துடுச்சு, எதிர்த்தரப்போட வழக்குச் செலவுல ஒரு பகுதியையும் சேத்து கட்டுன்னு தீர்ப்பு. அந்த ஒன்பது வருஷ கேஸுக்கு காசு திரட்ட புது ஷேரும் வித்தாங்க. கேஸ்தான் நம்ம நம்பிக்கைன்னு உங்க கம்பெனி சொல்ல ஆரம்பிச்சா, அது இனிமே சுரங்கக் கம்பெனி இல்லன்னு புரிஞ்சுக்குங்க.

கேள்வி: விக்கவா வச்சுக்கவா? வீட்டுல தினமும் இதே பேச்சு. அவருக்கு விக்க மனசே இல்ல, போட்டதாவது வரட்டும்ங்கறார்.

அம்மா, போட்ட விலை என்னன்னு அந்த ஷேருக்கு தெரியாது, அத மறந்துட்டு ரெண்டு பேரும் சேந்து உக்காந்து கம்பெனியோட கடைசி காலாண்டு அறிக்கைய எடுங்க. கைல எவ்ளோ ரொக்கம், மூணு மாசத்துல எவ்ளோ செலவுன்னு பாத்து வகுத்தா எத்தன மாசம் தாங்கும்னு வந்துடும். பின்னாடி சின்ன எழுத்துல குறிப்பு இருக்கும், அதுல தொடர்ந்து இயங்குற திறன் பத்தி சந்தேகம்னு ஆடிட்டர் எழுதியிருக்காரான்னு தேடுங்க. மொத்த ஷேர் எண்ணிக்கை மூணு வருஷத்துக்கு முன்ன எவ்ளோ இப்ப எவ்ளோ. டைரக்டருங்க சொந்தக் காசுல சந்தைல வாங்குறாங்களா, இல்ல பின்னாடி குறிச்ச விலைல ஷேர் வாங்கிக்கற உரிமையான ஆப்ஷன மட்டும் இலவசமா எடுத்துக்கறாங்களா. பர்மிட் வாங்குறதுல சட்டப்படி கெடு உள்ள அடுத்த கட்டம் எது, அதுக்கு தேதி உண்டா. ஒன்பது மாசத்துக்குத்தான் காசு இருக்கு, தேதி எதுவும் இல்லன்னா இன்னொரு ஷேர் வெளியீடு வருதுன்னு அர்த்தம், நானா இருந்தா பாதியாவது வித்துடுவேன். காசும் இருந்து தேதியும் இருந்தா, போனா போகட்டும்னு நினைக்கக்கூடிய அளவு மட்டும் வச்சுக்குங்க. பிள்ளைங்க படிப்புக் காசு இதுல இருந்தா இன்னைக்கே எடுத்துடுங்கம்மா, என்ன விலையா இருந்தாலும்.

விக்கலன்னு முடிவு பண்ணா, ஆண்டுக் கூட்டத்துக்கு வர்ற ஓட்டுச் சீட்ட தூக்கிப் போடாம ரெண்டு பேரும் உக்காந்து படிங்க. புது ஷேர் வெளியிட அனுமதி, டைரக்டர் சம்பளம், ரெண்டும் பெரும்பாலும் அதுலதான் வரும்.