பெங்களூருக்குக் குடிபோகும் முன்: வாசகர் கேள்வி – பதில்

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்திலிருந்து கர்நாடகத்துக்குக் குடிபோகிற குடும்பங்களின் கேள்விகள் இந்த இதழில்.

என் மகள் இங்கே அரசுப் பள்ளியில் 7ஆம் வகுப்பு முடிக்கிறாள். ஜூன் முதல் எனக்கு பெங்களூரில் வேலை. டி.சி. வாங்கிக்கொண்டு அங்கே 8ஆம் வகுப்பில் சேர்த்துவிடலாமா?
– காட்பாடி வாசகர்

சேர்க்கலாம். ஆனால் டி.சி.க்கு எழுதிக்கொடுக்கும் முன் கல்லூரிக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்குத்தான் மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் 7.5% உள் ஒதுக்கீடு. இப்போது கிளம்பினால் உங்கள் மகளுக்கு அது போய்விடும். அங்கேயோ, கர்நாடக மாணவியாகக் கணக்கில் வர, பொதுவாக 1ஆம் வகுப்பு முதல் 2ஆம் பி.யு.சி. (நம் 12ஆம் வகுப்பு) வரையிலான படிப்பில் 7 ஆண்டுகள் அந்த மாநிலத்தில் படித்திருக்க வேண்டும். 8ஆம் வகுப்பில் சேருகிறவளுக்கு 5 ஆண்டுதான் தேறும். பெற்றோரைப் பொறுத்த வேறு சில பிரிவுகளும் உண்டு. அவற்றில் ஒன்று உங்களுக்குப் பொருந்துகிறதா என்பதை இப்போதே பாருங்கள். மருத்துவப் படிப்பு ஆசை இருக்கிற வீடு என்றால், அப்பா மட்டும் முதலில் போய்வந்துகொண்டு இருப்பதையும் யோசிக்கத்தான் வேண்டும்.

போவது என்றே முடிவானால், டி.சி.யோடு 11 இலக்க 'பென்' எண்ணையும் (மாணவருக்கான நிரந்தரக் கல்வி எண்) கேட்டு எழுதி வாங்குங்கள். பழைய பள்ளி இணையத்தில் பெயரை விடுவித்தால்தான் புதிய பள்ளி சேர்த்துக்கொள்ள முடியும். விடுவித்தாகிவிட்டதா என்று நேரிலேயே கேட்டுவிடுங்கள்; கோடை விடுமுறையில் அலுவலகம் பூட்டிவிட்டால் ஜூன் வரை காத்திருக்க வேண்டிவரும்.

நம்மூர்க் குடும்பங்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இனிஷியலில். டி.சி.யில் 'எஸ். கவியா', ஆதாரில் 'கவியா செல்வம்' என்று இருந்தால் அங்கே இரண்டு ஆளாகத்தான் தெரியும். டி.சி. கைக்கு வந்தபின் திருத்துவது பெரும்பாடு. முன்னதாகவே பள்ளிப் பதிவேட்டையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுத்து எழுத்தாகப் பாருங்கள்.

சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் இரண்டையும் இ-சேவை மையத்தில் இப்போதே எடுத்து வையுங்கள். நம் சாதிச் சான்று கர்நாடக மாநில ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. ஆனால் வெளிமாநிலத்தில் படித்துவிட்டு தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்கு வரும்போது இருப்பிடச் சான்று கேட்பார்கள்.

கன்னடம் அங்கே கட்டாயப் பாடம். பயப்பட வேண்டாம், வாக்கிய அமைப்பு நம்முடையது போலத்தான். நம் 'ப' பல சொற்களில் அங்கே 'ஹ' ஆகும்: பால் – ஹாலு, பல் – ஹல்லு, புலி – ஹுலி. சிரமம் எழுத்தில்தான். நமக்கு ஒரு 'க' இருக்கிற இடத்தில் அவர்களுக்கு நான்கு. ஏப்ரல், மே இரண்டு மாதமும் தினம் அரை மணி நேரம் எழுத்து மட்டும் பழகினால் போதும்.

டிஎன்-73 வண்டியை அங்கே அப்படியே ஓட்டலாமா?
– ராணிப்பேட்டை வாசகர்

12 மாதத்துக்கு மேல் வண்டி அங்கேயே இருக்குமானால் அந்த மாநில எண்ணுக்கு மாற்றியாக வேண்டும். முதல் வேலை, இங்குள்ள ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 28 கொடுத்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்குவது. அதில் சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுத்த தாள் ஒட்ட வேண்டும். கடன் பாக்கி இருந்தால் வங்கியின் சம்மதக் கடிதமும் வேண்டும். நிலுவை அபராதங்களைக் கட்டிவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் என்.ஓ.சி. இங்கேயே நின்றுவிடும். பிறகு பெங்களூரில் புதிய எண்ணுக்குப் படிவம் 27. வண்டியின் வயதுக்கு ஏற்ப அந்த மாநில ஆயுள் வரி. புதிய ஆர்.சி. வந்ததும் இங்கே கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கலாம். பலர் அலுத்துப்போய் இதை விட்டுவிடுகிறார்கள். உங்கள் பணம், விடாதீர்கள். காப்பீட்டு நிறுவனத்துக்குப் புதிய எண்ணைத் தெரிவிக்க மறக்க வேண்டாம். ஓட்டுநர் உரிமம் நாடு முழுக்கச் செல்லும்.

ரேஷன் கார்டு, கேஸ் இணைப்பு இரண்டையும் என்ன செய்வது?
– ஆற்காடு வாசகி

கார்டின் குறியீட்டைப் பாருங்கள், அம்மா. பி.எச்.எச். அல்லது ஏ.ஏ.ஒய். என்றால் அங்குள்ள கடையில் கைரேகை வைத்து மத்திய அரசின் தானியத்தை வாங்கலாம். நம் கடையில் கிடைக்கிற துவரம் பருப்பும் பாமாயிலும் அங்கே கிடைக்காது. என்.பி.எச்.எச். கார்டுக்கு வெளிமாநிலத்தில் எதுவும் இல்லை.

கேஸ் சிலிண்டரை லாரியில் ஏற்றாதீர்கள். சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்தால் டெபாசிட்டைத் திருப்பித் தந்து மாறுதல் சீட்டு கொடுப்பார்கள். அதைக் காட்டி அங்கே இணைப்பு வாங்கலாம். அன்று கட்டிய டெபாசிட்தான் திரும்ப வரும், அங்கே கட்டுவது இன்றைய டெபாசிட். கையில் கொஞ்சம் கூடுதலாக வைத்திருங்கள். அடுப்பு உங்களுடையது, எடுத்துப் போகலாம்.

வீட்டுச் சாமான் ஏற்றும்போது எதில் கவனம் வேண்டும்?
– குடியாத்தம் வாசகி

முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷின் வாங்கியபோது பின்னால் நீளமான போல்ட்டுகள் சில இருந்திருக்கும். அவற்றைத் தேடி எடுத்துத் திரும்ப மாட்டிய பிறகே ஏற்றச் சொல்லுங்கள். இல்லாமல் ஏற்றினால் டிரம் ஆடி ஆடி அதைத் தாங்குகிற ஸ்பிரிங்குகள் கெட்டுப்போகும். கிரைண்டர் கல்லைக் கழற்றி, பழைய போர்வையில் சுற்றித் தனியே வையுங்கள். ஃபிரிட்ஜை நிமிர்த்தியே கொண்டுபோக வேண்டும். வழியில் சாய்ந்திருந்தால் போய்ச் சேர்ந்ததும் ஸ்விட்ச் போடாமல் 5, 6 மணி நேரம் நிறுத்தி வையுங்கள். கம்ப்ரஸர் எண்ணெய் இறங்க வேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரியையும் நிமிர்த்தியே கொண்டுபோங்கள், சாய்ந்தால் ஆசிட் கொட்டும்.

பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்கு இ-வே பில் தேவையில்லை. மாநில எல்லையிலுள்ள அத்திப்பள்ளியில் கட்ட வேண்டும் என்று தனியாகப் பணம் கேட்டால் ரசீது கேளுங்கள்.

ஆம்பூரிலிருந்து வந்து ஆறு மாதம் ஆகிறது. மாவு பொங்குவதே இல்லை. அரிசி சரியில்லையா?
– பெங்களூரிலிருந்து ஒரு வாசகி

அரிசி சரிதான், குளிர்தான் காரணம். பெங்களூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆம்பூர் வெயிலில் 6, 7 மணி நேரத்தில் பொங்கும் மாவுக்கு அங்கே மார்கழியில் 12 முதல் 14 மணி நேரம் பிடிக்கும். 4 பங்கு இட்லி அரிசிக்கு 1 பங்கு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம் என்ற அளவை மாற்ற வேண்டாம். உப்பு புளிப்பைத் தாமதப்படுத்தும். ஊரில் அது நல்லது, அங்கே வேண்டாம்; மாவு பொங்கிய பிறகு உப்புப் போடுங்கள். கரைக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சம் சேர்த்துக் கையால் கலக்கி, பாத்திரத்தில் பாதியளவு மட்டும் ஊற்றி, சுடுதண்ணீர் வைத்த பெரிய அண்டாவுக்குள் இறக்கி மூடி வையுங்கள். சோடா உப்பு போட்டால் இட்லி உப்பி வரும், ஆனால் புளிப்பு வராது.