உயிரிப் பொருளாதாரம்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

இந்தத் துறையின் ஆய்வுக் கட்டுரைகளை வகைப்படுத்துவதுதான் என் வேலை. இன்று ஞாயிறு, சிங்கப்பூரில் மழை வேறு. கேளுங்கள்.

யீஷூன் மாணவி: சார், இந்த ஆராய்ச்சி எப்போது ஆரம்பித்தது? ப்ராஜெக்டுக்கு வேண்டும்.

எந்த உயிரிப் பொருளாதாரம் என்று முதலில் சொல்லும்மா. ஒரே பெயரில் மூன்று பேர் ஒரே புளோக்கில் குடியிருக்கிறார்கள், தபால்காரர்தான் பாவம். முதல் ஆள் மீன்பிடிப் பக்கம். யாருக்கும் சொந்தமில்லாத கடலில் லாபம் கரைந்துபோகும்வரை படகுகள் ஏன் வந்துகொண்டே இருக்கின்றன என்று 1954இல் பொருளாதார அறிஞர் ஸ்காட் கார்டன் எழுதினார், 1976இல் காலின் கிளார்க் அந்த வகைச் சிந்தனையை முழுக் கணிதமாக்கிப் புத்தகம் போட்டார். இரண்டாவது, ருமேனியாவில் பிறந்த பொருளாதார அறிஞர் ஜார்ஜெஸ்கு-ரோகன். எரித்த எண்ணெய் திரும்பி வராது, பொருளாதாரமும் வெப்ப இயக்கவியலுக்குக் கட்டுப்பட்டதுதான் என்று 1971இல் வந்த புத்தகத்தில் வாதாடினார். அவர் கணக்கில் வளர்ச்சிக்கு எல்லை உண்டு. மூன்றாவது ஆள்தான் இப்போது மேடையில்: உயிரித் தொழில்நுட்பத்தை வைத்தே வளரலாம் என்பவர். 2009இல் ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு) அறிக்கை, 2012இல் ஐரோப்பிய ஆணையமும் வெள்ளை மாளிகையும் ஆளுக்கொரு திட்டம். அரசு ஒரு சொல்லுக்குக் காசு ஒதுக்கினால் அந்தச் சொல் கட்டுரைத் தலைப்புக்கும் வந்துவிடும், அவ்வளவுதான்.

உட்லண்ட்ஸ் வாசகர்: 'உயிரிப் பொருளாதாரம்' என்ற சொல்லைக் கட்டுரைகளில் தேடி ஆண்டுவாரியாக எண்ணி வரைபடம் போட்டேன். 2012க்குப் பிறகு விறுவிறுவென்று ஏறுகிறது. போதுமா?

போதாது. எத்தனை தடவை சொல்வது, சொல்லை எண்ணினால் துறையை எண்ணியதாகாது! அதே ஆய்வுக்கூடம், அதே மரக்கூழ், முன்பு பயோமாஸ் (தாவரம் போன்ற உயிரிப் பொருள்) என்று எழுதினார்கள். வேலை அதே வேலை, பெயர்ப்பலகைதான் புதுசு.

கிளமெண்டி: எப்போது ஆரம்பித்தது சார்?

மேலே பாருங்கள்.

பொங்கோல்: இந்தத் துறைப் பங்குகளை வாங்கலாமா?

அதற்கு வேறு ஆள்.

தோ பாயோ அண்ணன்: வளர்ச்சி வேண்டாம் என்றவரின் சொல்லை வளர்ச்சிக்காரர்கள் திருடிவிட்டார்கள். நீங்களும் பூசி மெழுகுகிறீர்கள்.

அண்ணே, நான் மெழுகவில்லை. 2019இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் சிலர் 'உயிரிப் பொருளாதாரத்தின் கடத்தல்' என்று தலைப்பிலேயே போட்டு எழுதியாயிற்று. 2008இல் சர்ச்சிங்கர் என்ற ஆய்வாளரின் குழு, எத்தனால் எரிபொருளுக்குச் சோளத்தைத் திருப்பினால் வேறெங்கோ காடு அழியும், 30 ஆண்டுக் கணக்கில் பசுங்குடில் வாயு வெளியேற்றம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும் என்றது. பசுமை என்று பெயர் வைத்ததால் பசுமையாகிவிடாது, இதில் உங்கள் பக்கம்தான்.

ஜூரோங் அக்கா: துவாஸில் நெஸ்டே நிறுவனத்தின் ஆலை 2010 முதல் எண்ணெயும் கொழுப்பும் வைத்து டீசல் செய்கிறதே, உணவங்காடியில் பொரித்த எண்ணெயும் அப்படிப் போனால் நல்லதுதானே? இதுவும் திருட்டா?

கழிவு எண்ணெய் வேறு, அதற்கென்றே பயிரிட்ட எண்ணெய் வேறு அக்கா. 2016இல் பக்கே, ஹான்சன், கிளிட்கோ மூவரும் இந்தத் துறைக் கட்டுரைகளை அலசி மூன்று பார்வைகளைப் பிரித்தார்கள்: தொழில்நுட்பம், மூலப்பொருள், சூழலியல். நீங்கள் இரண்டாவதில் நிற்கிறீர்கள், அண்ணன் மூன்றாவதில் நின்று கத்துகிறார்.

தோ பாயோ அண்ணன்: நான் கத்தவில்லை!

சரி, சரி.

பிடோக்: தாமதமாக வந்தேன். இது எப்போது ஆரம்பித்தது?

1954, 1971, 2009. மூன்றில் உங்கள் ஆசிரியர் எதைக் கேட்டார் என்று அவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.