ரேஸ் குதிரையில் பங்கு வாங்கலாமா? முதலில் அதை நடக்கவிட்டுப் பாருங்கள்

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு ரேஸ் குதிரை வாங்க ஆசைப்படுகிறோம். பெங்களூரில் தெரிந்தவர் மூலமாக இரண்டு குதிரைகள் வந்திருக்கின்றன. ஒன்று, இன்னும் ஓடாத இரண்டு வயதுப் பெண் குதிரை. 12 லட்சம் சொல்கிறார்கள். அதன் அப்பாவின் பிள்ளைகள் டெர்பி ஜெயித்தவையாம். இன்னொன்று நான்கு வயது, காயடித்த ஆண். இரண்டு ரேஸ் ஜெயித்திருக்கிறது, 4 லட்சத்துக்கே தருகிறார்கள். எதை வாங்கலாம்? என்ன பார்த்து வாங்க வேண்டும்? சரிப்படவில்லை என்றால் திரும்ப விற்க முடியுமா?" கூடவே வம்சாவளித் தாளும், பெண் குதிரை ஓடும் ஒரு வீடியோவும் அனுப்பியிருக்கிறார்.

இருபது வருடங்களுக்கு மேலாகக் குதிரை வைத்தியம் பார்க்கிறேன். வாங்குபவர்களுக்காகக் குதிரையைச் சோதித்துச் சொல்வது என் வேலையில் பெரும்பகுதி. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நீங்கள் அனுப்பிய இரண்டையும் வைத்து முடிவெடுக்க முடியாது. வீடியோவில் குதிரை ஓடுகிறது. நான் பார்க்க விரும்புவது அது நிற்பதையும் நடப்பதையும். வம்சாவளித் தாள் விற்பவர் எழுதிய விளம்பரம். அதில் உள்ளது உண்மையாகவே இருக்கும், ஆனால் இல்லாததுதான் முக்கியம்.

"அப்பாவின் பிள்ளைகள் டெர்பி ஜெயித்தவை" என்பதை எடுத்துக்கொள்வோம். ஒரு பொலிகுதிரைக்கு வருடத்துக்குப் பல பத்துக் குட்டிகள் பிறக்கும். அதில் ஒன்றிரண்டு ஜெயித்தால் எல்லாக் குட்டிகளின் தாளிலும் அந்தப் பெயர் ஏறிவிடும். தாய்க்குக் கர்ப்பகாலமே பதினோரு மாதம், வருடத்துக்கு ஒரு குட்டிதான். அதனால்தான் ரேஸ் உலகில் 'பாதி அண்ணன், பாதி தங்கை' என்று சொன்னால் தாய் வழியில் மட்டும்தான். தகப்பன் ஒன்றாக இருந்து தாய் வேறாக இருந்தால் அதை உறவாகவே எண்ண மாட்டார்கள். ஆகவே தாயைப் பற்றிக் கேளுங்கள். அவள் ஓடினாளா, இதற்கு முன் எத்தனை குட்டி போட்டாள், அவை எத்தனை வயது வரை ஓடின, ஏன் நின்றன? பெரிய பந்தயங்களில் ஜெயித்தவர்களின் பெயர் தாளில் தடித்த பெரிய எழுத்தில் இருக்கும். அப்படி ஒரு பெயர் பாட்டியின் வரிசையில் மட்டும் இருந்து, தாயின் வரிசை வெறுமையாக இருந்தால், விலை பாட்டிக்குக் கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம்.

பிறந்த தேதியையும் பாருங்கள். நம் நாட்டில் எல்லா தரோபிரெட்டுக்கும், அதாவது ரேஸுக்கென்றே வளர்க்கும் இனத்துக் குதிரைகளுக்கும், ஜனவரி 1 தான் பிறந்தநாள். ஜனவரியில் பிறந்ததும் மே மாதக் கடைசியில் பிறந்ததும் ஒரே நாளில் 'இரண்டு வயது' ஆகிவிடும். மே மாதக் குட்டி என்றால் எலும்பு முற்ற இன்னும் நான்கைந்து மாதம் பொறுக்க வேண்டும். விற்பவர் அவசரப்படுத்தினாலும் நீங்கள் அவசரப்படாதீர்கள்.

விலை குதிரையின் தரத்தைச் சொல்லாது என்பதற்கு எனக்குத் தெரிந்த பெரிய சாட்சி அமெரிக்காவின் தி கிரீன் மங்கி. 2006-ல் ஃபுளோரிடாவில் நடந்த இரண்டு வயதுக் குதிரைகளின் ஏலத்தில், ஒரு ஃபர்லாங்கை (சுமார் 200 மீட்டர்) 9.8 விநாடியில் ஓடிக் காட்டியது. அதை வைத்து ஒரு கோடியே அறுபது லட்சம் டாலருக்கு விலை போனது. பிறகு மூன்றே மூன்று ரேஸ் ஓடியது, ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. 1975-ல் வெறும் 17,500 டாலருக்கு விற்கப்பட்ட ஒரு வயதுக் குட்டி சியாட்டில் ஸ்லூ, 1977-ல், அதுவரை தோல்வியே காணாமல், அமெரிக்காவின் மூன்று பெரிய பந்தயங்களையும் வென்றது. ஏலத்தில் ஓடிக் காட்டும் வேகம் ஒரு ஃபர்லாங்குக்கான வேகம், அவ்வளவுதான்.

சரி, நேரில் போனால் என்ன பார்ப்பது? காலை ஐந்தரைக்கு லாயத்துக்குப் போய்விடுங்கள், குதிரை பயிற்சி ஓட்டத்துக்குப் போகும் முன். பயிற்சி முடிந்து வரும்போது உடம்பு சூடேறியிருக்கும், சின்ன நொண்டல் மறைந்துவிடும். குதிரையைச் சமதளத்தில் நிறுத்தச் சொல்லி நேர் எதிரே நில்லுங்கள். தோள்முனையிலிருந்து ஒரு நூல் விட்டால் அது முழங்கால் நடுவிலும் குளம்பு நடுவிலும் விழ வேண்டும். பக்கவாட்டில் நின்று பார்க்கும்போது முழங்கால் பின்பக்கமாக வளைந்திருந்தால் வேண்டாம். முன்பக்கம் லேசாக வளைந்திருப்பதை நான் பெரிதாக எடுப்பதில்லை. இரண்டு முன்குளம்பும் ஒரே அளவா என்று பாருங்கள். ஒன்று குறுகலாக இருந்தால் அந்தக் காலில் அது நீண்டநாளாக பாரம் போடவில்லை என்று சந்தேகப்பட வேண்டும்.

அப்புறம் நடக்கவிடுங்கள். ஈர மணல் இருந்தால் நல்லது. பின்குளம்பு, முன்குளம்பு விட்டுப்போன தடத்தைத் தாண்டி விழ வேண்டும். தாராளமாக, தோளிலிருந்து வீசி நடக்கும் குதிரையை எனக்குப் பிடிக்கும். பிறகு கெட்டியான தரையில் குதித்தோடச் சொல்லித் தலையைக் கவனியுங்கள். வலிக்கும் முன்கால் தரையில் படும்போது தலை மேலே போகும், நல்ல கால் படும்போது கீழே இறங்கும். இதை ஒருமுறை பார்த்துப் பழகிவிட்டால் உங்கள் கண்ணே கண்டுபிடித்துவிடும்.

அடுத்து கை. முன்காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முழங்காலுக்குக் கீழே பின்பக்கம் ஓடும் டெண்டன் (தசைநாண்) மேல் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மேலிருந்து கீழாக ஓட்டுங்கள். இழுத்துக் கட்டிய கயிறு போல ஒரே சீராக இருக்க வேண்டும். நடுவில் எங்காவது தடித்திருந்தாலோ, சூடாக இருந்தாலோ, குதிரை காலை வெடுக்கென்று இழுத்தாலோ அங்கே நிறுத்துங்கள். இரண்டு காலையும் ஒப்பிடுங்கள். நான்கு வயதுக் குதிரைக்கு இது மிக மிக முக்கியம். கிழிந்து ஆறிய டெண்டன் பழைய பலத்துக்கு வருவதில்லை.

கொட்டடியின் தீவனத் தொட்டியையும் ஒரு பார்வை பாருங்கள். விளிம்பு கடிபட்டுத் தேய்ந்திருந்து, குதிரையின் மேல் முன்பற்களும் தேய்ந்திருந்தால் அது தொட்டி கடித்துக் காற்றை விழுங்கும் பழக்கம் உள்ளதாக இருக்கலாம். அதைக் கவனித்துக்கொள்ளும் குதிரைக்காரரிடம் பேசுங்கள். ராத்திரி படுக்கிறதா, தீனி மிச்சம் வைக்கிறதா, லாடம் அடிக்க நிற்கிறதா என்று கேட்டால் அவர் சொல்லும் பதிலில் டிரெயினர் சொல்லாதது இருக்கும்.

இதற்கெல்லாம் மேல், உங்கள் செலவில் உங்கள் டாக்டர். விற்பவரின் டாக்டர் வேண்டாம். முழங்கால், ஃபெட்லாக் (குளம்புக்குச் சற்று மேலே உள்ள மூட்டு), பின்முழங்கால் மூட்டுகளுக்கு எக்ஸ்ரே, இதயம், கண், தொண்டைக்கு எண்டோஸ்கோபி. தொண்டையில் இடப்பக்கக் குரல்வளைத் தசை சோர்ந்த குதிரை வேகமெடுக்கும்போது மூச்சை உள்ளிழுக்க முடியாமல் இரையும். இந்தக் குறை உயரமான குதிரைகளிடம் அதிகம். வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

ரத்த மாதிரி எடுத்து வைக்கவும் சொல்லுங்கள். இதை நான் பட்டுக் கற்றுக்கொண்டேன். ஆரம்ப காலத்தில் ஒரு குதிரையைச் சோதித்து "சுத்தம்" என்று எழுதிக் கொடுத்தேன். கால் மூட்டை மடக்கிப் பிடித்து, பிறகு ஓடவிட்டும் பார்த்தேன், ஒன்றும் இல்லை. வாங்கியவர் கொண்டுபோன நான்காவது நாள் முன்கால் ஊன்ற முடியாமல் நின்றது. வலி மருந்து கொடுத்துக் காட்டியிருக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஆனால் நிரூபிக்க என்னிடம் ரத்தம் இல்லை. அந்த மனிதர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது இன்றும் உறுத்துகிறது. அன்றிலிருந்து ரத்தம் எடுக்காமல் நான் சான்று எழுதுவதில்லை.

அடையாளத்துக்கு வருவோம். நம் ஊரில் குதிரை வாங்குபவர்கள் சுழி பார்ப்பார்கள். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் சுழி சரியில்லை என்று நல்ல குதிரையை விட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. தரோபிரெட்டின் பாஸ்போர்ட்டிலும், அதாவது அதன் அடையாளப் புத்தகத்திலும், சுழி இருக்கிறது. குதிரையின் கோட்டுப் படத்தில் ஒவ்வொரு சுழி இருக்கும் இடத்திலும் ஒரு சிறு பெருக்கல் குறி போட்டிருப்பார்கள். ராசிக்காக இல்லை, ஆள் மாறாட்டம் நடக்காமல் இருப்பதற்காக. நெற்றிச் சுழி, கழுத்துச் சுழி, கால் வெள்ளை எல்லாவற்றையும் படத்தோடு ஒப்பிடுங்கள். கழுத்தின் இடப்பக்கம் உள்ள மைக்ரோசிப்பை ஸ்கேன் செய்து எண்ணையும் சரிபாருங்கள். பெயர் பதிவு, பெற்றோர் டிஎன்ஏ எல்லாம் வம்சப் பதிவேட்டை வைத்திருக்கும் இந்திய ஸ்டட் புக் அதாரிட்டியிடம் இருக்கும்.

பெண் குதிரை விஷயத்தில் ஒரு கேள்வியை நேரடியாகக் கேளுங்கள்: இது விற்பனையா, ஓட்டுவதற்கு மட்டும் குத்தகையா? நல்ல தாய் வழிப் பெண் குதிரைகளைப் பண்ணைகள் முழுதாக விற்காமல், ஓடும் காலம் முடிந்ததும் இனப்பெருக்கத்துக்குத் திரும்ப வர வேண்டும் என்று குத்தகைக்குக் கொடுப்பது வழக்கம். குத்தகை என்றால் 12 லட்சம் அதிகம். விற்பனை என்றால், அவள் சுமாராக ஓடினாலும் தாய்க் குதிரையாக ஒரு மதிப்பு மிஞ்சும். காயடித்த ஆணுக்கு அந்த மிச்சம் இல்லை, ஓடும் வரைதான் விலை.

அந்த நான்கு வயதுக் குதிரைக்கு 4 லட்சம் ஏன் என்று யோசியுங்கள். இரண்டு ரேஸ் ஜெயித்ததும் அதன் ரேட்டிங், அதாவது திறமைக்குத் தரும் மதிப்பெண், ஏறியிருக்கும். மேல் வகுப்பில் பலசாலிகளோடு ஓட வேண்டும், அல்லது கீழ் வகுப்பில் அதிக எடை சுமக்க வேண்டும். இது நேர்மையான காரணம். நேர்மையற்ற காரணம் ஓட்டப் பதிவில் உள்ள இடைவெளியில் ஒளிந்திருக்கும். இரண்டு ரேஸுக்கு நடுவே ஏழெட்டு மாதம் விட்டிருந்தால் அந்த மாதங்களின் சிகிச்சைப் பதிவைக் கேளுங்கள். மூக்கில் ரத்தம் வடிந்ததா என்றும் கேளுங்கள். அப்படி வடிந்த குதிரையைக் குறிப்பிட்ட காலம் ஓடவிடாமல் ரேஸ் கிளப் நிறுத்திவைக்கும்.

பணத்தில் வாங்கும் விலை சின்னது. டிரெயினிங் கட்டணம், தீவனம், லாடம், மருந்து, ஜாக்கி, நுழைவுக் கட்டணம், வண்டி எல்லாம் குதிரை ஓடாத மாதத்திலும் வரும். டிரெயினரிடம் மாதச் செலவை எழுத்தில் வாங்கி, பதினெட்டு மாதத்துக்குப் பெருக்கி, அந்தத் தொகையை நால்வரும் தனியாக எடுத்துவைத்த பிறகு வாங்குங்கள். பரிசுப் பணத்தில் டிரெயினருக்கும் ஜாக்கிக்கும் ஒரு பங்கு போய்விடும். வரியும் பாருங்கள்: குதிரையில் வந்த நட்டத்தை உங்கள் தொழில் வருமானத்திலோ சம்பளத்திலோ கழிக்க முடியாது. ரேஸ் குதிரை வருமானத்தில்தான் கழிக்கலாம், நான்கு ஆண்டுகள் வரைதான் முன்னே கொண்டுபோகலாம். எந்த ஊரில் ஓடப்போகிறது என்பதையும் கேட்டுவிடுங்கள். சென்னை கிண்டி ரேஸ் மைதானத்தின் நிலக் குத்தகையைத் தமிழக அரசு 2024-ல் ரத்து செய்ததற்குப் பிறகு, மைதானம் என்றைக்கும் இருக்கும் என்று நம்பிக் கணக்குப் போட முடியாது.

நண்பர்கள் நால்வரும் உரிமையாளர்களாகக் கிளப்பில் பதிவாக வேண்டும். அதற்கு முன் உங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் எழுதுங்கள். ஒருவர் மூன்று மாதம் பணம் கட்டவில்லை என்றால் அவர் பங்கு என்னவாகும்? விற்க எத்தனை பேர் சம்மதம் வேண்டும்? நடுவில் இருக்கும் அந்தத் 'தெரிந்தவர்' யாரிடம் கமிஷன் வாங்குகிறார், எவ்வளவு என்பதையும் எழுத்தில் கேளுங்கள். இரண்டு பக்கமும் வாங்குகிறவர் உங்களுக்காகப் பார்ப்பவர் இல்லை.

திரும்ப விற்க முடியுமா என்றால், முடியும், நேரம் பார்த்து. ஜெயித்த வாரத்தில் ஆள் தேடி வருவார்கள். நொண்டிய வாரத்தில் யாரும் போன் எடுக்க மாட்டார்கள். ஏழு வயதுக்குள் ஓட்டம் முடிந்துவிடும் பெரும்பாலான குதிரைகள், இருபத்தைந்து வயது வரை வாழக் கூடியவை. மெரினாவில் சவாரிக்கு நிற்கும் குதிரைகளில் சிலவற்றின் காலைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும், இது தரோபிரெட் என்று. அந்த இடத்துக்கு உங்கள் குதிரை போகக் கூடாது. சவாரிப் பள்ளியோ, நிலம் உள்ள நல்ல குடும்பமோ, எங்கே அனுப்புவது என்பதையும் அந்த ஒப்பந்தத்திலேயே எழுதி, அதற்கென்று ஒரு தொகை ஒதுக்குங்கள்.

இரண்டில் எது? முழு விற்பனை என்றால், தாய் வழி சரியாக இருந்தால், எக்ஸ்ரேயும் தொண்டையும் சுத்தம் என்றால், பெண் குதிரை. 10 லட்சத்தில் பேச்சை ஆரம்பியுங்கள். குத்தகை என்றால் இரண்டையும் விட்டுவிடுங்கள். நான்கு வயதுக் குதிரையின் டெண்டனை ஸ்கேன் செய்ய விற்பவர் மறுத்தால் அன்றைக்கே பஸ் ஏறிவிடுங்கள்.