பழைய சிவிக்குக்குப் புதிய வேகம்: எஞ்சினைப் பிரிக்கும் முன் அளந்து பாருங்கள்

கேள்வி: வெள்ளவத்தையில் வசிக்கிறேன். 1998ஆம் ஆண்டு ஹொண்டா சிவிக் ஈகே3 வைத்திருக்கிறேன். 1.5 லீற்றர் டி15பி விடெக் எஞ்சின், மெனுவல் கியர். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சிறிது நேரம் நீலப் புகை வருகிறது, ஒயிலும் குறைகிறது. எஞ்சினை இறக்கி, சிலிண்டர்களை ஒரு மில்லிமீற்றர் போர் செய்து (துளையைப் பெரிதாக்கி), கொம்ப்ரஷன் (பெற்றோல் கலவையை அமுக்கும் அளவு) கூடிய பிஸ்டனும் ரேஸ் கேம்ஷாஃப்டும் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) போட்டால் கார் பறக்கும் என்கிறார் கராஜ்காரர். ஆறு இலட்சம் ரூபா கேட்கிறார், பாதி முற்பணம். தினமும் இந்தக் காரில்தான் கோட்டைக்கு வேலைக்குப் போகிறேன். சம்மதிக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதில் விலையும் வாக்குறுதியும் இருக்கின்றன. எஞ்சினின் நிலையைக் காட்டும் அளவு ஒன்றுகூட இல்லை. யாரும் இன்னும் அளக்கவில்லை என்றே தோன்றுகிறது.

காலை ஸ்டார்ட்டில் மட்டும் நீலப் புகை வந்து பிறகு நின்றுவிட்டால், முதலில் சந்தேகிக்க வேண்டியது வால்வ் சீல்களை, அதாவது வால்வ் தண்டு வழியே ஒயில் கசியாமல் தடுப்பவற்றை. எஞ்சினின் மேற்பகுதியான ஹெட்டைக் கழற்றாமலே அவற்றை மாற்றலாம். அக்ஸிலரேட்டரை அழுத்தும்போதெல்லாம் புகை வந்தால்தான் ரிங்குகள் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள்) பக்கம் பார்வை போக வேண்டும். ரிங்குகளின் நிலையை அறிய முதலில் கொம்ப்ரஷன் பரிசோதனை செய்யுங்கள். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், நான்கு பிளக்குகளும் கழற்றியிருக்க வேண்டும், அக்ஸிலரேட்டர் முழுவதும் அழுத்தியிருக்க வேண்டும். நான்கு சிலிண்டர்களின் அளவையும் எழுதி வாங்குங்கள். மிகக் குறைந்தது மிகக் கூடியதைவிட 10 சதவீதத்துக்கு மேல் தாழ்ந்திருந்தால் கோளாறு உண்டு. அந்தச் சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அளவு ஏறினால் ரிங் அல்லது சிலிண்டர்ச் சுவர். ஏறாவிட்டால் வால்வ் அல்லது ஹெட்டுக்கு அடியிலுள்ள கேஸ்கட்.

ரிங் தேய்ந்தது உறுதியானால் எஞ்சினை இறக்கத்தான் வேண்டும். அப்போதும் அவர் சொன்ன மூன்றில் எதற்கும் நான் பணம் கொடுக்க மாட்டேன். உங்கள் எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 75 மில்லிமீற்றர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 84.5, கொள்ளளவு 1493 சிசி. விட்டத்தை ஒரு மில்லிமீற்றர் கூட்டினால் 1533 ஆகும். 40 சிசி, அதாவது மூன்று சதவீதத்துக்கும் குறைவு. ஓட்டும்போது தெரியவே தெரியாது. ஆனால் சுவர் மெலிந்து, அடுத்த முறை போர் செய்ய இடமில்லாமல் போகும். தேய்மானம் நீங்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் போர் செய்வதே அறிவு. கொம்ப்ரஷனை நன்றாகக் கூட்டினால் 92 ஒக்டேன் பெற்றோலை மறந்துவிட்டு எப்போதும் 95 அடிக்க வேண்டி வரும். காலி வீதி நெரிசலில் சூடேறி நிற்கும் எஞ்சின் அதற்குப் பிறகும் தட்டலாம். ரேஸ் கேம்ஷாஃப்ட் வலுவை உயர் சுழற்சிக்குத் தள்ளிவிட்டு, நீங்கள் தினமும் பாவிக்கும் கீழ்ச் சுழற்சியில் இழுவையைக் குறைக்கும். ஐட்லிங்கில் எரியாத பெற்றோல் வெளியேறி, வருடாந்தப் புகைப் பரிசோதனையிலும் சிக்கல் தரும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது. கார் பறக்கும் என்கிறாரே, மாலை ஐந்து மணிக்குக் கொள்ளுப்பிட்டியில் எங்கே பறப்பது?

கம்பனி அளவிலேயே அந்த எஞ்சின் 7000 சுழற்சியில் 130 குதிரைவலு தந்தது. 1.5 லீற்றருக்கு அது சின்ன விஷயமல்ல. தேய்மானத்தில் போனதைத் திரும்பப் பெறுவதே உங்களுக்குக் கிடைக்கும் பெரிய வேகம். ஆகவே ஹெட்டுக்குச் செலவழியுங்கள்: வால்வ் இருக்கைகளைச் சரியாக வெட்டுவது, தளத்தைச் சமன் பார்ப்பது, வால்வ் தண்டைத் தாங்கும் புதிய கைட், சீல். கேம்ஷாஃப்டைச் சுழற்றும் டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையும் வகை எஞ்சின் இது; எனவே பெல்ட், டென்ஷனர், தண்ணீர்ப் பம்ப், ஒயில் பம்ப் எல்லாவற்றையும் இதே வேலையோடு மாற்றுங்கள். கிளச் தட்டையும் அப்போதே பாருங்கள். இறக்குகூலி இரண்டு தடவை கொடுக்க வேண்டாம். மிச்சப் பணம் பிறேக்குக்கும் ரயருக்கும் ரேடியேட்டருக்கும்.

ஒழுங்கு முக்கியம். பிஸ்டனை வாங்கி லேத் வேலைத்தளத்தில் கொடுத்த பின்புதான் போரிங் தொடங்க வேண்டும். ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்தே அதற்குரிய துளை வெட்டப்படும். முதலில் துளை, பிறகு உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் பிஸ்டன் தேடல் என்றால் அந்த எஞ்சின் அடுத்த வருடம் மறுபடி ஒயில் குடிக்கும். முற்பணத்தைப் பாதியாகக் கொடுக்காமல், பிரித்து அளப்பதற்கு மட்டும் கொடுங்கள். அளவுத் தாளைப் பார்த்த பிறகு உதிரிப்பாகம், லேத் வேலை, கூலி மூன்றுக்கும் தனித்தனி விலை கேளுங்கள். கழற்றிய பழைய பாகங்கள் உங்களிடம் வர வேண்டும் என்பதையும் எழுதி வையுங்கள்.

கேள்வி: இதே வகைக் காருக்கு ஜப்பானில் இருந்து வந்த பாவித்த ஹொண்டா பி16ஏ எஞ்சின் வாங்கிப் பூட்டினால் என்ன?

பதில்: 1595 சிசி கொண்ட நல்ல எஞ்சின்தான். ஆனால் எஞ்சின் மட்டும் வந்தால் போதாது. அதன் கியர்பெட்டி, மவுன்ட், டிரைவ் ஷாஃப்ட், வயரிங், கணினிப் பெட்டி எல்லாம் ஒரே தொகுதியாக வர வேண்டும். துண்டு துண்டாகச் சேர்ப்பவர்களின் கார் பல மாதம் கராஜில் நிற்கும். எஞ்சின் இலக்கம் மாறுவதால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவைத் திருத்த வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் அறிவியுங்கள். இறக்குமதி ஆவணப் பிரதி தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

கேள்வி: என் கார் எஞ்சினை ஓவர்ஹோல் (முழுதாகப் பிரித்துச் சீரமைத்தல்) செய்து இரண்டு மாதம், மறுபடி புகை. பற்றுச்சீட்டு தரவில்லை, கராஜ்காரர் தொலைபேசியை எடுப்பதில்லை.

பதில்: 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ், சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். உங்களுக்கு மிஞ்சியிருப்பது ஒரு மாதமே. வங்கிப் பரிமாற்றம், குறுஞ்செய்திகள், கார் கராஜில் நின்ற படங்கள் எல்லாம் சான்றாகும். வேறு கராஜில் கொம்ப்ரஷன் அளந்து எழுத்தில் வாங்குங்கள். ஆனால் எஞ்சினைத் திறக்க விடாதீர்கள், திறந்தால் பழி இடம் மாறிவிடும். அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து வழிமுறையைக் கேட்டுவிட்டு, முறைப்பாட்டை இந்த வாரமே பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.