பாட்டி தந்த வெள்ளிக் கரண்டிகளைக் கொதிக்க வைக்காதீர்கள்

கணவரின் ஆங்கிலேயப் பாட்டி தந்த கரண்டி, முள்கரண்டி, கத்திகள் கறுத்துவிட்டன, அலுமினியத் தாளும் சோடா உப்பும் போட்டுக் கொதிக்க வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். பழைய கத்திகளின் கைப்பிடி பெரும்பாலும் வெறும் கூடுதான். உள்ளே பிசின் நிரப்பி அலகைப் பொருத்தியிருப்பார்கள். சூடுபட்டால் பிசின் இளகி அலகு கையோடு வந்துவிடும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் கொஞ்சம் வெள்ளி பாலிஷும் போதும். பூவேலைக் குழிகளில் தங்கிய கருமையை அப்படியே விடுங்கள், அழகே அதில்தான். அப்புறம், கட்டி வைத்த ரப்பர் பேண்டை இன்றே எடுத்துவிடுங்கள். நீங்கள் சொன்ன கறுப்புக் கோடு அதிலுள்ள கந்தகத்தின் வேலை.

அசல் வெள்ளிதானா என்ற சந்தேகத்துக்கு, காம்பின் பின்புறத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். நடக்கும் சிங்கத்தின் உருவம் முத்திரையாகக் குத்தப்பட்டிருந்தால் 92.5 சதவீத வெள்ளி. கூடவே கிரீடமும் இருந்தால் 1975க்கு முன் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் முத்திரையிட்டது.