முன் சக்கரத்தை எப்படி இறக்குவது? வீலி கேள்வி பதில்

வீலி, அதாவது முன் சக்கரத்தைத் தூக்கிப் பின் சக்கரத்தில் மட்டும் பைக் ஓட்டுவது, பற்றி வந்த கேள்விகளையெல்லாம் ஒன்றாகப் படித்தேன். முக்கால்வாசிப் பேர் கேட்டிருப்பது "எப்படித் தூக்குவது?" என்று. இறக்குவது பற்றிக் கேட்டவர்கள் மிகச் சிலர்தான். அவர்களில் ஒருவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

அதற்கு முன் ஒரு நிபந்தனை. இங்கே சொல்வதெல்லாம் வண்டியும் ஆளும் வராத, நீளமான, மூடிய தளத்துக்குத்தான். பொதுச்சாலைக்கு இல்லை. முழு ஹெல்மெட், கையுறை, முதுகுக் கவசம், முழங்கால் முழங்கைக் கவசம், கணுக்காலை மூடும் பூட்ஸ், கூடவே இன்னொரு ஆள். இதில் ஒன்று குறைந்தாலும் அன்றைக்குப் பயிற்சி கிடையாது.

கேள்வி: முன் சக்கரம் மேலே போனபின் த்ராட்டிலை (கையால் முறுக்கும் ஆக்ஸிலரேட்டரை) மூடினால் இறங்கிவிடும் என்கிறார்கள். ஏன் இறங்குகிறது? கிளட்ச்சைப் பிடித்தாலும் அதேதானே நடக்கும்?

அதே இல்லை. இந்த வித்தியாசம் புரியாமல் விழுந்தவர்கள் நிறைய.

த்ராட்டிலை மூடும்போது என்ஜினுக்குள் காற்று போகும் வழி கிட்டத்தட்ட அடைபடுகிறது. பிஸ்டன் கீழே இறங்கிக் காற்றை இழுக்கப் பார்க்கிறது, வழி இல்லை. ஸ்ட்ராவின் நுனியை விரலால் பொத்திக்கொண்டு உறிஞ்சுவது மாதிரி. அந்தத் திணறல் கியர்பாக்ஸ், செயின் வழியாகப் பின் சக்கரத்துக்கு வந்து சேர்கிறது. அதுவரை செயினின் மேல்பக்கம் இறுக்கமாக இருந்தது, இப்போது கீழ்ப்பக்கம் இறுகுகிறது. அதுவரை டயர் தரையைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது, இப்போது தரை டயரைப் பின்னுக்கு இழுக்கிறது. ஓடும் பஸ்ஸில் பிரேக் போட்டால் நிற்பவர்கள் முன்னால் சாய்வார்களே, அப்படி வண்டியின் மேல்பகுதி முன்னால் போகிறது, மூக்கு இறங்குகிறது. இதுதான் என்ஜின் பிரேக்கிங்.

கிளட்ச்சைப் பிடித்தால் என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இல்லை. தூக்கும் விசை போய்விடும், உண்மைதான். ஆனால் இறக்கும் விசையும் கூடவே போய்விடும். முன் சக்கரம் பாதி உயரத்தில் இருந்தால் தன் எடையால் தொப்பென்று விழும், உங்களுக்கு இடுப்பு வலி மட்டும்தான். வண்டி எந்தப் பக்கமும் விழாமல் சமனாக நிற்கும் பேலன்ஸ் பாயின்ட்டைத் தாண்டியிருந்தால் விழுவது முன்பக்கம் இல்லை, பின்பக்கம். அந்த நேரத்தில் கிளட்ச்சைப் பிடித்தால் மிச்சம் இருப்பது பின் பிரேக் ஒன்றுதான்.

கேள்வி: இந்த பேலன்ஸ் பாயின்ட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? எத்தனை டிகிரி?

டிகிரி எல்லாம் வண்டிக்கு வண்டி, ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் எடையும் வண்டியின் எடையும் சேர்ந்த மையம், பின் டயர் தரையைத் தொடும் இடத்துக்கு நேர் மேலே வந்து நிற்கும் நிலைதான் அது. அதற்குக் கீழே இருக்கும்வரை வண்டி வேகமெடுத்துக்கொண்டே இருந்தால்தான் சக்கரம் மேலே நிற்கும். அதனால்தான் புதியவர்களின் வீலி எல்லாம் ஒரே மாதிரி முடிகிறது: என்ஜின் கத்தும், என்ஜின் சுழற்சி (ரெவ்) அளவு மீறாமல் தடுக்கும் ரெவ் லிமிட்டர் வெட்டும், முன் சக்கரம் விழும்.

கண்ணை விடக் காதை நம்புங்கள். முன் சக்கரம் மேலே இருக்கும்போது என்ஜினின் சுருதி ஏறிக்கொண்டே போகிறதா? நீங்கள் இன்னும் கீழே இருக்கிறீர்கள். சுருதி ஒரே இடத்தில் நிற்கிறது, சக்கரமும் இறங்கவில்லை என்றால் வந்துவிட்டீர்கள். அந்த இடத்தில் வேகம் ஏறாது. கொஞ்சம் திறந்தால் மூக்கு மேலே, கொஞ்சம் மூடினால் கீழே. எல்லாம் மணிக்கட்டில் ஓரிரு மில்லிமீட்டர் அசைவுதான்.

முதல்முறை அங்கே போகும்போது ஹேண்டில்பாரும் வானமும்தான் தெரியும், விழப்போகிறோம் என்று உடம்பு அலறும். பயப்படாமல் இருக்க முடியாது. அதனால்தான் பிரேக் பழக்கம் முதலில் வர வேண்டும்.

கேள்வி: அண்ணா, என்னுடையது 125 சிசி. எவ்வளவு முறுக்கினாலும் முன் சக்கரம் அசையவே இல்லை. பெரிய வண்டி வாங்கினால்தான் முடியுமா?

இல்லை தம்பி. 1991-ல் ஜப்பானில் யாசுயுகி குடோ என்பவர் 331 கிலோமீட்டர் தூரத்துக்கு முன் சக்கரத்தைக் கீழே வைக்காமல் ஓட்டினார். அவர் ஓட்டியது 216 சிசி ஹோண்டா ட்ரையல்ஸ் வண்டி, அதாவது தடைகளின் மேல் பேலன்ஸோடு ஏறி இறங்கும் போட்டிக்கான எடை குறைந்த வண்டி. பேலன்ஸ் பாயின்ட்டுக்குப் போய்விட்டால் பவர் பெரிதாகத் தேவையில்லை. அங்கே போய்ச்சேரத்தான் தேவை.

வெறும் முறுக்கில் தூக்காத வண்டியைக் கிளட்ச்சால் தூக்கலாம். முதல் கியர், 15 முதல் 20 கிலோமீட்டர் வேகம், நேராக. இரண்டு விரலால் கிளட்ச்சைக் கொஞ்சம் இழுங்கள், முழுக்க வேண்டாம், பிடி நழுவும் அளவுக்கு. ரெவ்வைக் கொஞ்சம் ஏற்றுங்கள். கிளட்ச்சைச் சட்டென்று விடுங்கள். என்ஜினுக்குள் சுழன்றுகொண்டிருக்கும் எடை ஒரே அடியாகப் பின் சக்கரத்துக்குப் போகும். முதலில் குறைந்த ரெவ்வில் செய்து பாருங்கள், முன் ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஷாக் குழாய்கள்) நீள்வது மட்டும் தெரிந்தால் போதும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். எடுத்த எடுப்பில் கத்தவிட்டுக் கிளட்ச்சை விட்டால் 125 சிசி கூட உங்களை மல்லாத்திவிடும்.

முன்பக்க ஸ்ப்ராக்கெட்டில் (செயினைச் சுழற்றும் பல்சக்கரத்தில்) ஒரு பல் குறைத்துப் போடுகிறவர்களும் உண்டு. தூக்குவது சுலபமாகும், உச்ச வேகம் குறையும். ஆரம்பத்திலேயே அதைச் செய்யாதீர்கள்.

கேள்வி: ஹேண்டில்பாரைக் கையால் இழுக்க வேண்டுமா?

வேண்டாம். இழுத்தால் வண்டி கோணும்.

கேள்வி: முதல் நாள் என்ன செய்வது? வரிசை சொல்லுங்கள்.

முதல் நாள் சக்கரமே தூக்கக் கூடாது. முதல் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே த்ராட்டிலைத் திறந்து மூடுங்கள். திறந்தால் ஃபோர்க் நீளும், மூடினால் அமுங்கும். இந்த ஆட்டத்தை அரை மணி நேரம் செய்யுங்கள், சலித்துப்போகும் வரை. செயின் தளர்வாக இருந்தால் திறப்புக்கும் மூடலுக்கும் நடுவே "டக்" என்று ஒரு இடி கேட்கும். அதோடு நுணுக்கமான கட்டுப்பாடு கற்க முடியாது. வண்டியின் கையேட்டில் சொன்ன அளவுக்குச் செயினையும், த்ராட்டில் கேபிளின் தளர்வையும் முதலில் சரிசெய்யுங்கள். எரிபொருள் இன்ஜெக்ஷன் உள்ள வண்டிகளில் இன்னொன்று: முழுக்க மூடினால் பெட்ரோல் நின்றுபோகும், மறுபடி திறக்கும்போது உதறும். அதனால் அடைத்துத் திறக்காமல், திறப்பின் விளிம்பிலேயே விளையாடப் பழகுங்கள்.

அடுத்த நாள், ஒரு சாண் உயரம் தூக்குங்கள், உடனே பின் பிரேக்கைத் தொட்டு இறக்குங்கள். தூக்கினால் பிரேக். ஒவ்வொரு முறையும். தூக்கியதை ரசிக்க நேரம் கொடுக்காதீர்கள். தூக்குவதும் பிரேக்கும் ஒரே செயல் என்று கால் நம்ப வேண்டும். அது வந்தபின்தான் மூன்றாவது படி: அதே உயரத்தில், பிரேக்குக்குப் பதில் த்ராட்டிலை மெல்ல விடுவித்து, சத்தமில்லாமல் சக்கரத்தைத் தரையில் வைப்பது.

கேள்வி: முன் சக்கரம் எகிறியதும் பயத்தில் கை இன்னும் முறுக்கிவிடுகிறது. மூட வேண்டும் என்று தெரிந்தும் மூட முடியவில்லை.

இது உங்கள் தப்பு மட்டும் இல்லை, உடம்பின் அமைப்பு அப்படி. வண்டி எகிறும்போது உடம்பு பின்னால் போகிறது, கை நீள்கிறது, மணிக்கட்டு கீழே இறங்குகிறது. மணிக்கட்டு கீழே இறங்கினால் த்ராட்டில் திறக்கும். அதனால் இன்னும் எகிறும், இன்னும் பின்னால் போவீர்கள். நான் மல்லாந்தது இப்படித்தான். எட்டு வருடம் ஓட்டிய பிறகு, ஒரு காலி மைதானத்தில், நண்பர்கள் பார்க்கிறார்கள் என்று. பின் விளக்கு தரையில் உரசும் சத்தம் வந்தது, அப்புறம் நான் உட்கார்ந்த நிலையிலேயே வழுக்கிக்கொண்டு போனேன், வண்டி எனக்கு முன்னால் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. வலது கால் அந்த நேரம் முழுக்கப் பிரேக்கின் மேல் இல்லவே இல்லை. அதைத்தான் இன்று வரை மறக்கவில்லை.

மாற்ற வேண்டியவை இரண்டு. பிடி: கதவுக் குமிழைத் திருப்பப் பிடிப்பது போல, முழங்கை கொஞ்சம் வெளியே, மேலே. கிளம்பும்போதே மணிக்கட்டு தாழ்ந்திருந்தால் மூட இடம் இருக்காது. இரண்டாவது, உட்காரும் விதம். இரண்டு முழங்காலாலும் டாங்க்கை இறுக்குங்கள், முதுகைத் தளர்த்தி முன்னால் சாய்ந்திருங்கள். உடம்பைத் தாங்குவது கால்கள் என்றால் கைக்குத் த்ராட்டில் வேலை மட்டும்தான்.

கேள்வி: இறக்குவதற்கு என்ஜின் பிரேக்கிங்கா, பின் பிரேக்கா?

சாதாரண இறக்கத்துக்கும் உயரத்தை நிலைநிறுத்தவும் த்ராட்டில். எல்லை மீறினால் பிரேக். என்ஜின் பிரேக்கிங் மெதுவாகத்தான் பிடிக்கும், அதுவும் ரெவ் குறைவாக இருந்தால் ரொம்பவே பலவீனம். டூ ஸ்ட்ரோக் என்றால் பெயருக்குத்தான். பின் பிரேக் உடனே வேலை செய்யும். பாதத்தின் முன்பகுதி எப்போதும் பெடலைத் தொட்டபடி இருக்க வேண்டும். பெடல் உயரம் சரியில்லை, காலைத் தூக்கித்தான் வைக்க வேண்டியிருக்கிறது என்றால், அதைச் சரிசெய்யாமல் சக்கரத்தைத் தூக்காதீர்கள்.

பிரேக்கை மிதிக்காதீர்கள், அழுத்துங்கள். மிதித்தால் மூக்கு தரையில் குத்தும்.

கேள்வி: முதல் கியரா, இரண்டாவதா?

தூக்கக் கற்க முதல் கியர், வேகம் குறைவு என்பதால். ஆனால் முதல் கியரில் எல்லாமே முரட்டுத்தனம்: திறந்தால் பாய்கிறது, மூடினால் மூக்கை இழுத்து அடிக்கிறது. கை பழகியதும் இரண்டாவதுக்குப் போங்கள், த்ராட்டில் அசைவுகள் மென்மையாகத் தெரியும். வேகம் கூடும், அதனால் தளமும் நீளமாக வேண்டும்.

கேள்வி: தூக்கினால் வலப்பக்கமாக ஓடுகிறது. இறங்கும்போது ஹேண்டில்பார் உதறுகிறது.

இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஒரு கை ஹேண்டில்பாரை இழுக்கிறது அல்லது தள்ளுகிறது. கிளட்ச் விடும்போது இடது கை தள்ளுகிறதா என்று நண்பரைப் பின்னாலிருந்து வீடியோ எடுக்கச் சொல்லிப் பாருங்கள். பார்வை முன் சக்கரத்தில் இல்லாமல் தொலைவில் ஒரு புள்ளியில் இருக்கட்டும். சாய்ந்தால் எதிர்ப்பக்க ஃபுட்பெக்கை (கால் வைக்கும் கட்டையை) அழுத்துங்கள். இறங்கும்போது சக்கரம் நேராக இருக்க வேண்டும், தரையைத் தொடும் நொடியில் சொட்டு த்ராட்டில் கொடுத்தால் மெத்தென்று அமரும். முன் பிரேக் லீவரில் விரல் வேண்டாம். நின்றுபோன சக்கரம் தரையில் விழுந்தால் வழுக்கும்.

கேள்வி: ஏபிஎஸ், வீலி கண்ட்ரோல் உள்ள வண்டியில் கற்கலாமா?

வீலி கண்ட்ரோல் இருந்தால் அதன் வேலையே உங்களைத் தடுப்பதுதான், அணைக்க வேண்டும். பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ், முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்றுவதைப் பார்த்துக் குழம்பி எச்சரிக்கை விளக்கு எரிய விடலாம். உங்கள் வண்டியில் பின் பிரேக் அப்போது எப்படி நடந்துகொள்கிறது என்பதை ஒரு சாண் உயரத்தில் சோதியுங்கள், ஒரு ஆள் உயரத்தில் அல்ல.

கேள்வி: ஸ்கூட்டரில்?

வேண்டாம். த்ராட்டிலை மூடி வேகம் குறைந்தால் அதன் கிளட்ச் தானே விலகிக்கொள்ளும், என்ஜின் பிரேக்கிங் கையை விட்டுப் போய்விடும். இந்தப் பாடம் முழுக்க நிற்பதே அந்தக் கட்டுப்பாட்டில்தான்.

கேள்வி: வண்டிக்கு என்ன கேடு?

கிளட்ச் பிளேட், செயின், முன் ஃபோர்க் சீல், ஹேண்டில்பார் பேரிங் எல்லாம் சீக்கிரம் தேயும். பெரிய கவலை ஆயில். நிமிர்ந்த நிலையில் ஆயில் பின்பக்கம் ஓடிவிடும். உறிஞ்சும் குழாய்க்குக் கிடைக்கவில்லை என்றால் என்ஜின் உலர்ந்து சுற்றும். நீண்ட நேரம் நிமிர்த்தி ஓட்டுகிறவர்கள் இதற்காகவே என்ஜினில் மாற்றம் செய்கிறார்கள். நீங்கள் ஐந்து பத்து நொடிதான், ஆனால் ஆயில் மேல்குறிக்குக் கீழே இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மூன்று நாளாக ஒரு சாண் உயரம் மட்டும்தான் செய்கிறேன். போரடிக்கிறது. எப்போது மேலே போகலாம்?

உங்கள் நண்பரைப் பக்கத்தில் நிறுத்துங்கள். நீங்கள் தூக்கியதும் அவர் எப்போது வேண்டுமானாலும் கைதட்டுவார், சத்தம் கேட்டதும் பின் பிரேக்கால் இறக்க வேண்டும். ஹெல்மெட்டுக்குள் கேட்கும்படி பலமாகத் தட்டச் சொல்லுங்கள். தொடர்ந்து பத்து முறை யோசிக்காமல் கால் அழுத்தினால் இன்னொரு சாண் ஏறலாம். ஒன்பதாவதில் தவறினால் ஒன்றிலிருந்து.